பென்னாகரம் பக்கம் ஒரு சமுதாய வானொலி: தன்னார்வலர்களை வைத்தே நடத்த முடியுமா?

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். அவர்கள் ஊரில் பல வருடங்களாக இயங்கும் பதிவு பெற்ற சங்கம் ஒன்று இருக்கிறது. நூலகமும் மாலை வகுப்பும் நடத்துகிறார்கள். சமுதாய வானொலி, அதாவது ஊர் மக்களே தங்களுக்காக நடத்தும் சிறிய எஃப்.எம். நிலையம், தொடங்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு ஆசை. சம்பளம் இல்லாமல் தன்னார்வலர்களை வைத்தே நடத்த முடியுமா, பணம் எங்கிருந்து வரும், கையில் ஃபோன் இருக்கும்போது ரேடியோவை யார் கேட்பார்கள், ஒகேனக்கல் வரை கேட்குமா என்பவை அவருடைய கேள்விகள்.

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடத்தலாம். ஆனால் இரண்டு பேருக்காவது மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மீதி வேலை எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. விண்ணப்பம் போட்டுவிட்டு உரிமத்துக்காகக் காத்திருக்கும் காலத்தில்தான் ஒரு நிலையம் உருவாகிறது. டவர் நின்ற பிறகு ஆள் தேடக் கிளம்பினால், ஆறு மாதத்தில் கம்ப்யூட்டர் தன் பாட்டுக்குப் படப்பாட்டு ஓட்டிக்கொண்டிருக்கும், ஸ்டூடியோ பூட்டிக் கிடக்கும்.

யார் விண்ணப்பிக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995இல் உச்ச நீதிமன்றம் அலைவரிசை பொதுச்சொத்து என்று தீர்ப்பளித்தது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. உங்களைப் போன்ற சங்கங்களுக்குக் கதவு திறந்தது 2006 நவம்பரில்தான். லாப நோக்கமில்லாத அமைப்பாக இருக்க வேண்டும், பதிவு செய்து மூன்று வருடமாவது அந்தப் பகுதியில் வேலை செய்திருக்க வேண்டும். தனி நபருக்குக் கிடைக்காது. கட்சிக்கும், கட்சியைச் சேர்ந்த மாணவர், மகளிர், தொழிற்சங்க அமைப்புகளுக்கும் கிடைக்காது. உங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் கட்சிப் பொறுப்பில் இருப்பவர் யாராவது இருந்தால் இப்போதே உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிடுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

விண்ணப்பம் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு, பிராட்காஸ்ட் சேவா இணையதளம் வழியாகப் போகிறது. உள்துறை, பாதுகாப்புத் துறை என்று பல மேசைகளுக்குப் போய் வந்த பிறகு விருப்பக் கடிதம், அதாவது அனுமதி தரச் சம்மதம் என்று சொல்லும் முதல் கடிதம், வரும். பிறகு தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவில் அலைவரிசைக்கும் டவர் நிற்கும் இடத்துக்கும் ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்கப்புறம் அனுமதி ஒப்பந்தம், கடைசியாக இயக்க உரிமம். ஒரு வருடத்தில் முடிந்தால் மகிழ்ச்சி. இன்னும் இழுத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். 2024 பிப்ரவரியில் வழிகாட்டு நெறிகளைத் திருத்தினார்கள். அதன்படி முதல் அனுமதி இப்போது பத்து வருடத்துக்கு; முன்பு ஐந்துதான். நிலையத்தின் ஆலோசனை மற்றும் உள்ளடக்கக் குழுவில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். பெயருக்கு நாலு பேரைச் சேர்த்துக் கையெழுத்து வாங்கும் குழுவாக இதை விட்டுவிடாதீர்கள். எது ஒலிபரப்பாகலாம், எது கூடாது என்ற சண்டை வரும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்தக் குழுதான்.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்வது என்பதற்கு நம் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. கிருஷ்ணகிரி எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம். அங்கே பூதிக்கோட்டையில் 'நம்ம த்வனி' என்ற பெயரில் 2000களின் தொடக்கத்திலேயே கிராமத்து ஆட்கள் நிகழ்ச்சி தயாரித்தார்கள். அப்போது சங்கங்களுக்கு வானொலி உரிமம் கிடையாது என்பதால், ஊர் கேபிள் வழியாக டிவிப் பெட்டியிலேயே ஒலியை மட்டும் அனுப்பினார்கள். தெலங்கானாவில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு அமைப்பின் தலித் பெண்கள் 1990களின் கடைசியிலேயே பதிவு செய்யக் கற்றுக்கொண்டு, கேசட்டைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டு வந்தார்கள். 2008 அக்டோபரில் அவர்களுடைய 'சங்கம் ரேடியோ'வுக்கு அலைவரிசை கிடைத்தபோது அவர்களிடம் பழகிய குரல்களும், பேச வேண்டிய விஷயங்களும், கேட்கும் பழக்கமும் தயாராக இருந்தன.

உங்களுக்கு கேசட்கூடத் தேவையில்லை. இன்றைக்கே ஃபோனில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வெட்டி ஒட்டி, வாரம் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று செய்யுங்கள். சுயஉதவிக் குழுக் கூட்டத்தில், வாரச்சந்தையில், நூலக வாசலில் ஸ்பீக்கர் வைத்துப் போடுங்கள். போடும்போது கூடவே நின்று கவனியுங்கள். எந்த இடத்தில் ஆட்கள் எழுந்து போகிறார்கள், எந்த இடத்தில் "இது நம்ம கோவிந்தம்மா குரல்டி" என்று பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு எந்தக் கருத்துக்கணிப்பும் தேவைப்படாது. இப்படி வாரம் தவறாமல் ஒரு வருடம் செய்ய முடியாத குழு, தினமும் நாலு மணி நேரம் ஒலிபரப்ப முடியாது. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் டவருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் பணம் போட்ட பிறகு இது தெரிய வருவதைவிட இப்போதே தெரிவது உங்கள் சங்கத்துக்கு நல்லது.

இனி ஆட்களைப் பற்றி. என் அனுபவத்தில் நிலையங்கள் மூடுவதற்குப் பணத்தைவிட ஆள் இல்லாமல் போவதுதான் பெரிய காரணம். முதலில் ஆர்வமாக ஓடி வருபவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்கள் வேண்டும், ஆனால் அவர்களை மட்டும் நம்பாதீர்கள். தேர்வு வந்தால் ஒரு மாதம் காணாமல் போவார்கள். படிப்பு முடிந்தால் ஓசூர் சிப்காட், பெங்களூரு, திருப்பூர் என்று பிழைப்பைத் தேடிப் போய்விடுவார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊர் போக வேண்டியிருக்கும். இதில் யார் மீதும் குறை சொல்ல ஒன்றுமில்லை, தர்மபுரி மாவட்டத்தின் வாழ்க்கை அப்படி. நிலைத்து நிற்பவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்: முப்பத்தைந்து வயதைத் தாண்டிய சுயஉதவிக் குழுப் பெண்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தையல் கடை வைத்திருப்பவர்கள், ஊரிலேயே விவசாயம் பார்ப்பவர்கள். மைக்கைப் பார்த்ததும் முதலில் கூச்சப்படுபவர்களும் இவர்கள்தான். கூச்சம் போக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குத்தான் காத்திருக்கும் காலம்.

தன்னார்வலர் என்றால் சொந்தக் காசைச் செலவழிப்பவர் என்று யாரும் நினைக்கக் கூடாது. பஸ் காசு, டீ, ஃபோன் ரீசார்ஜ் மூன்றையும் நிலையம் கொடுக்க வேண்டும், கேட்காமலே கொடுக்க வேண்டும். நூறு நாள் வேலையை விட்டுவிட்டு வரும் பெண்ணிடம் போய் சேவை மனப்பான்மை பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஸ்டூடியோவில் தாழ்ப்பாள் போடக்கூடிய, தண்ணீர் வரும் கழிப்பறை இருக்க வேண்டும். மைக்கை விட இது முக்கியம் என்று நான் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் பெண்கள் ஏன் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிட்டார்கள் என்று கேட்டுப் போனால் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கும். பதிவு நேரத்தை முடிவு செய்ய வேண்டியது கடைசி டவுன் பஸ். ஏரியூர் பக்கத்துப் பெண் மாலை ஏழு மணி நிகழ்ச்சியில் பேச வேண்டுமென்றால் மத்தியானமே பதிவு செய்துவிடுங்கள், அல்லது நீங்கள் அவர் வீட்டுத் திண்ணைக்குப் போங்கள். திண்ணைப் பதிவில் கோழிக் கத்தலும் விழும். விழட்டும், கேட்பவர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை.

ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று பேரை ஒதுக்குங்கள். ஒருவர் வர முடியாத நாளில் இன்னொருவர் வருவார்; மூன்று பேருமே வர முடியாத நாளும் வரும். பங்குனி, சித்திரையில் திருவிழா, கேழ்வரகு அறுவடை, உறவில் ஒரு சாவு என்று எதுவும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அதற்காகக் குறைந்தது ஒரு மாதத்துக்குத் தேவையான நிகழ்ச்சிகள் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். தேதி சொல்லாத, பருவம் சொல்லாத நிகழ்ச்சிகளாக அவை இருக்கட்டும்: பழங்கதை, விடுகதை, தாலாட்டு, கைவைத்தியம் பற்றிப் பாட்டி சொல்வதை ஒரு மருத்துவர் கேட்டுச் சரிபார்த்துக் கொடுத்த உரையாடல், இப்படி. தொடக்கத்தில் காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் போதும். காலையில் வந்ததையே மாலையில் திரும்பப் போடலாம். காலையில் கேட்டவர் மாலையில் கேட்பதில்லை.

சம்பளம் வாங்கும் இரண்டு பேர் எதற்கு என்றால், சட்டப் பொறுப்பைத் தன்னார்வலர் தலையில் வைக்கக் கூடாது என்பதற்காக. ஒலிபரப்பிய அத்தனையையும் மூன்று மாதத்துக்குப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்பது விதி. கட்டணங்கள் தேதி தவறாமல் கட்டப்பட வேண்டும். டிரான்ஸ்மிட்டரைக் குறித்த நேரத்தில் போட்டு, குறித்த நேரத்தில் நிறுத்தி, லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். இதற்கு ஒருவர். தன்னார்வலர்களை ஒருங்கிணைத்து, பதிவுகளைக் கேட்டு, எது போகலாம் என்று பார்ப்பதற்கு இன்னொருவர். இரண்டாமவர் உள்ளூர்ப் பெண்ணாக இருந்தால் மற்ற பெண்கள் தானாக வருவார்கள். பயிற்சிக்கு வெளியூர் நிறுவனங்களைத் தேடும் முன்பு, அகில இந்திய வானொலியின் தர்மபுரி நிலையத்தில், நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அந்த 102.5இல், பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவர்கள் உங்கள் வட்டாரத்தில் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். மைக்குக்கு எவ்வளவு தள்ளி உட்காருவது, மூச்சை எங்கே நிறுத்துவது என்பதை அவர்கள் ஒரே நாளில் காட்டிவிடுவார்கள்.

சரி, யார் கேட்பார்கள்? கை வேலையாக இருந்து காது சும்மா இருப்பவர்கள் கேட்பார்கள். நம் மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். பட்டுப்புழு வளர்ப்பு மனையில் நின்று பாருங்கள். புழு கடைசிப் பருவத்தில் இருக்கும்போது வீட்டில் ஒருவருக்கும் ஓய்வு கிடையாது. மல்பெரித் தழையை வெட்டி வந்து தாங்கி மேல் பரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கையிலும் தழை, இதில் ஃபோன் திரையைப் பார்க்க முடியுமா? தூணில் மாட்டிய ரேடியோதான் அவர்களுக்கு. பால் கறக்கும் நேரம், புளி கொட்டை எடுக்கும் நேரம், மாம்பழக்கூழ் ஆலைக்குக் காய் ஏற்றிய வண்டி வரிசையில் நிற்கும் நேரம், இவையெல்லாம் ரேடியோ நேரம். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் கேழ்வரகு முற்றும் காலத்தில் யானைக்குப் பயந்து இரவெல்லாம் பரணில் விழித்திருப்பவர்களுக்கும் ஒரு குரல் துணை வேண்டும்.

ஃபோனைப் பற்றி ஒரு விஷயம் கவனியுங்கள். பட்டன் ஃபோன்களில் எஃப்.எம். இருக்கும், இயர்ஃபோன் வயரே ஆன்டெனாவாக வேலை செய்யும். இப்போது வரும் பல ஸ்மார்ட்ஃபோன்களில் அது இல்லை. அதனால் விண்ணப்பத்துக்கு முன்பே பத்து கிராமங்களில் வீடு வீடாகப் போய், எந்த வீட்டில் எந்தக் கருவி இருக்கிறது, எந்த மணிக்கு யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதி வாருங்கள். மாலை வகுப்புப் பிள்ளைகளே இதைச் செய்துவிடுவார்கள். நிகழ்ச்சியை யூடியூபிலும் வாட்ஸாப்பிலும் போடுங்கள், தவறில்லை. பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போனவர்கள் ஊர்க் குரலை அதில்தான் கேட்பார்கள்.

என்ன ஒலிபரப்பலாம், எது கூடாது என்பதில் பலருக்குக் குழப்பம். செய்தியும் நடப்பு அரசியலும் சொந்தமாகத் தயாரித்துச் சொல்லக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே, அல்லது உள்ளூர் மொழியில் மாற்றிச் சொல்லலாம். ஆனால் வானிலை, பள்ளி கல்லூரிச் சேர்க்கை, தேர்வு, வேலைவாய்ப்பு, உள்ளூர்த் திருவிழா, மின்தடை, குடிநீர் விநியோகம், உள்ளூர் நிர்வாகம் தரும் சுகாதார, பேரிடர் அறிவிப்பு ஆகியவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. நம் ஊருக்கு வேண்டியதில் பாதி இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. உங்கள் பக்கத்துக்கு முதல் விஷயம் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்துளைக் கிணறுகளில் ஃப்ளோரைடு இருப்பதும், பல்லில் காவிக் கறை படிந்து எலும்பு வரை பாதிப்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் செயல்பாட்டுக்கு வந்ததும் உங்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டு வாசலில் இரண்டு குழாய் இருக்கும்போது எதில் வருவது ஆற்றுத் தண்ணீர், எதில் வருவது போர் தண்ணீர், எதைக் குழந்தைக்குக் கொடுப்பது என்று எத்தனை வீட்டில் தெரியும்? ஊராட்சியின் தண்ணீர் திறப்பவரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். கிராமம் கிராமமாக அவர் சொல்லட்டும். அந்தப் பத்து நிமிடத்துக்கு இணையான நிகழ்ச்சியைச் சென்னையிலிருந்து யாரும் தர முடியாது.

விவசாயத்துக்குப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையமும், காவேரிப்பட்டணம் பக்கம் பையூர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. விஞ்ஞானிகளைப் பேச வைக்கும்போது எதிரில் ஒரு விவசாயி உட்கார வேண்டும். மா பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சி பற்றிப் பேச வந்தவர் மருந்தின் பெயரையும் அளவையும் வாசித்துவிட்டுப் போனால் யாருக்கும் நினைவில் நிற்காது. எதிரில் உட்கார்ந்தவர் "கடைக்காரர் வேற ஒண்ணைக் கொடுத்தாரே, அதை அடிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டால்தான் பேச்சுக்கு உயிர் வரும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்றுத் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்று விதியும் சொல்கிறது. விதி இல்லாவிட்டாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

படப்பாட்டு போடச் சொல்லி இளைஞர்கள் கேட்பார்கள். அதற்கு உரிமைத்தொகை கட்ட வேண்டும், சிறிய நிலையத்துக்கு அது சுமை. அதைவிட, நம்மிடம் இருப்பதை எடுங்கள். இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் சொற்பொழிவு, இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். ஒரு கூத்துக் குழுவின் மிருதங்கமும் முகவீணையும் நேரில் பதிவாகி ஒலிபரப்பானால் அதற்குக் கிடைக்கும் கேட்பாளர் கூட்டத்தைப் படப்பாட்டு தராது. குழுவிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முடிந்ததைக் கையில் கொடுங்கள், ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுங்கள். மூன்று மாதம் முடிந்தால் அழிக்கலாம் என்று சட்டம் சொன்னாலும் இவற்றை அழிக்காதீர்கள். இரண்டு ஹார்ட் டிஸ்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள். வயதான வாத்தியார்கள் போய்விட்டால் அந்த அடவும் பாட்டும் திரும்பக் கிடைக்காது.

அடுத்தது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். பத்து கிலோமீட்டர் தூரத்துக்குள் கேட்கும் வானொலியில் எல்லோருக்கும் எல்லோருடைய குரலும் தெரியும். குழந்தைத் திருமணம் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறது. 2006ஆம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பற்றியும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பற்றியும் நிலையம் பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணைப் பேச வைத்து, பெயரை மட்டும் மாற்றிப் போடுவது பெரிய ஆபத்து. பெரிய நகரத்து எஃப்.எம்.மில் அது போதும். இங்கே முதல் வாக்கியத்திலேயே மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அவர் சொன்னதை எழுதி, வேறு வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரைப் படிக்க வையுங்கள். ஊர், தொழில், பிள்ளைகள் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றுங்கள். அல்லது நாடகமாகச் செய்யுங்கள். குடிப்பழக்கம், வீட்டு அடி, கருவில் பெண் என்று தெரிந்து கலைப்பது எல்லாவற்றுக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனமில்லை. ஸ்டூடியோ எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே யாருடைய வானொலி அது என்பதை ஊருக்குச் சொல்லிவிடும். ஊர்த் தெருவுக்கு உள்ளே இருந்தால் காலனியிலிருந்து வருபவர் தயங்குவார். ஒரு பெரியவரின் வீட்டு மாடியில் இலவசமாக இடம் கிடைக்கிறது என்றால் அந்த இலவசத்துக்குப் பின்னால் யார் யார் வராமல் போவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பள்ளி, நூலகம், பஸ் நிறுத்தம் பக்கம் என்று எல்லோரும் கேட்காமலே நுழையும் இடமாகப் பாருங்கள், வாடகை ஆனாலும் பரவாயில்லை. டம்ளரும் எல்லோருக்கும் ஒன்றே. அறிவிப்பாளர்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை ஊர் எண்ணிக்கொண்டே இருக்கும், நீங்களும் எண்ணுங்கள். மலைப் பக்கம் இருளர், சித்தேரியில் மலையாளிகள், ஓசூர், தளி பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் என்று அந்தந்த வட்டாரத்து ஆட்கள் அவரவர் பேச்சிலேயே பேச நேரம் ஒதுக்க வேண்டும். நேயர் ஃபோனை நேரலையில் எடுக்காதீர்கள். ஒரே ஒரு வசவு வார்த்தை போதும், ஊர் இரண்டுபட. முதல் இரண்டு வருடமாவது பதிவு செய்து, கேட்டுப் பார்த்து, பிறகு போடுங்கள்.

கருவிகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, விற்பவரே வந்து மாட்டிக் கொடுப்பார். பொதுவாக 50 வாட் டிரான்ஸ்மிட்டர், அதிகபட்சம் 100 வாட் கதிர்வீச்சுத் திறன், ஆன்டெனா உயரம் தரையிலிருந்து 15 முதல் 30 மீட்டர். ஆனால் இரண்டு விஷயத்தை விற்பவர் சொல்ல மாட்டார். முதலாவது எர்த். நம் மண் பாறை மண், கோடையில் ஈரமே இருக்காது. கரியும் உப்பும் போட்டு ஒரு குழி எடுத்துவிட்டுப் போவார்கள். மாசி மாதமே அது வறண்டுவிடும். ஆழமாக எடுக்கச் சொல்லி, கோடையில் வாரம் தவறாமல் தண்ணீர் ஊற்றி, ஓர் எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். சித்திரை, வைகாசி இடிமழையில் டிரான்ஸ்மிட்டர் எரிந்து போவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது, ஆன்டெனா கேபிளின் மூட்டு. டிரான்ஸ்மிட்டர் முகப்பில் ரிஃப்ளெக்டெட் பவர் என்று ஓர் எண் தெரியும். அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பது அது. தினமும் ஒலிபரப்பு தொடங்கியதும் லாக் புத்தகத்தில் அதை எழுதச் சொல்லுங்கள். மழைக்கு மறுநாள் அந்த எண் ஏறியிருந்தால் மூட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். உடனே நிறுத்திவிட்டு, மூட்டைக் கழற்றிக் காயவைத்து, ரப்பர் டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். விட்டுவைத்தால் சில நூறு ரூபாயில் முடிகிற வேலை டிரான்ஸ்மிட்டரையே மாற்றும் வேலையாகிவிடும்.

பணம். அமைச்சகத்தின் ஆதரவுத் திட்டத்தில் கருவிச் செலவின் ஒரு பகுதிக்கு மானியம் உண்டு. மீதியை நீங்கள்தான் திரட்ட வேண்டும். மாதச் செலவுக்கு விளம்பரம் எடுக்கலாம். 2024 திருத்தத்தில் மணிக்கு 7 நிமிடமாக இருந்ததை 12 நிமிடமாக்கினார்கள், அரசு விளம்பரக் கட்டணத்தை 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆக்கினார்கள். கணக்குப் போட்டால் மணிக்கு ஐயாயிரத்துக்கு மேல் வருகிறது என்று திட்ட அறிக்கையில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். அரசு விளம்பரம் வருடம் முழுக்க வராது. வந்தாலும் பணம் கைக்கு வர மாதக் கணக்கில் ஆகும். இரண்டு பேர் சம்பளம், கரண்ட் பில், பஸ் காசு ஆகியவற்றுக்கு ஒரு வருடத்துக்கான தொகை வங்கியில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். உள்ளூர் ஜவுளிக்கடை, உரக்கடை, பள்ளி என்று சின்னச் சின்ன விளம்பரம் வாங்குங்கள். மூல நோய் வைத்தியம், சர்க்கரைக்கு ஒரே மருந்து, பதிவில்லாத சீட்டு, கந்துவட்டிக் கடன் போன்ற விளம்பரங்கள்தான் அதிகப் பணத்தோடு தேடி வரும். வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் அறிவிப்பாளரின் குரலை நம்பி ஒருவர் பணத்தையோ உடம்பையோ இழந்தால் அவர் அடுத்த நாள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்.

கடைசியாக, ஒகேனக்கல் வரை கேட்குமா? கேட்காது. எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போவது. நடுவில் மலை வந்தால் அங்கேயே நின்றுவிடும். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், அதுவும் மலை இறங்கி ஆற்றுப் பள்ளத்துக்குள் போகிறது. கூத்தப்பாடி வரை நன்றாகக் கேட்கலாம். வளைவுகளில் இறங்க இறங்க இரைச்சல்தான். பரிசல் ஓட்டுபவர்களையும் மீன் வறுக்கும் பெண்களையும் விட்டுவிட வேண்டும் என்றில்லை. அவர்களிடம் போய்ப் பதிவு செய்யுங்கள். நிகழ்ச்சியை மெமரி கார்டில் ஏற்றி, ஒகேனக்கல் போகும் பஸ் டிரைவர்களிடம் கொடுங்கள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த சுற்றுலாக்காரர்களும் கேட்பார்கள். டவர் இடத்தை முடிவு செய்யும் முன்பு, ஆறு மீட்டர் மூங்கில் கழியோடு இரண்டு பிள்ளைகளை நீங்கள் நினைக்கும் மேட்டில் நிறுத்திவிட்டு, ஏரியூர், பெரும்பாலை, பாப்பாரப்பட்டி சாலைகளில் பைக்கில் போய், அந்த மேடு எங்கெங்கிருந்து கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்து வாருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஊர்களின் பட்டியல்தான் ஏறக்குறைய உங்கள் கேட்பாளர் பட்டியல். வீடு வீடாக எழுதும் கணக்கெடுப்பை அந்த ஊர்களிலிருந்து தொடங்குங்கள்.